பிளவுக்கும் இணைப்புக்கும் ஒரே சொல்லா?



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உருட்டாலை ஒன்றிற்குள் சென்று, ‘சீம்’ என்றால் என்னவென்று கேளுங்கள். அஃது ஒரு குறை என்பர். உருக்குக் கட்டியில் இருந்த சிறு வெடிப்போ காற்றுப்புழையோ உருளைகளுக்கிடையே நசுங்கி நீண்டு, கம்பியின் நெடுகக் கீற்றாய் ஓடுவதே அது. குழாய் செய்யும் ஆலையில் அதே வினாவைக் கேளுங்கள். தகட்டை வளைத்து, அதன் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பற்றவைத்த இடமே ‘சீம்’ என்பர். முன்னது பிளவு, பின்னது இணைப்பு. முன்னது இருந்தால் கம்பியைத் தள்ள வேண்டும். பின்னது செம்மையாக இருந்தாலே குழாயைக் கொள்ள வேண்டும். நேர்மாறான இரண்டிற்கும் ஒரே அயற்சொல்!

இஃது ஆங்கிலத்தின் குற்றமன்று. தைத்தல் என்னும் வினையின் வேரினின்று கிளைத்த அச்சொல் முதலில் துணியின் மூட்டைக் குறித்தது. பின்னர்க் கப்பற் பலகைகளின் பொருத்தையும், பாறையடுக்குகளிடையே கோடுபோல் தெரியும் நிலக்கரியையும், மட்டைப்பந்தின் தோல்தையலையும் குறித்தது. அம்மொழியில் பிறந்தவனுக்கு அவ்வழி தெரியும். நம் உழைப்பாளியின் காதில் விழுவதோ வேரற்ற வெற்றொலி.

தைத்தல் தமிழனுக்குப் புதிய தொழிலா? புகார் நகரின் தொழிலாளரை அடுக்கிச் சொல்லும் சிலப்பதிகாரம், துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைக்கும் துன்னரையும் வேறுவேறாகக் குறிக்கின்றது. துன்னுதல் என்பது நெருங்குதல். நெருங்கப் பொருத்துவதே துன்னம். சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், கடலில் நின்ற கப்பல்களினின்று ஆளையும் சரக்கையும் அலைகடந்து கரைசேர்த்தவை இக்கடற்கரையின் தைத்த படகுகளே. அவற்றில் ஆணி இல்லை. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்தனர். அலை அறையும்போது ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகோ நெளிந்து கொடுத்துத் தப்பும். இவ்வறிவு ஏட்டில் கற்றதன்று, கையில் வளர்ந்தது.

இன்று இதே திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில், 2001இல் திறக்கப்பெற்று, 2014 முதல் காமராசர் பெயர் தாங்கும் எண்ணூர்த் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஒடிசாவின் தால்செர்ச் சுரங்கக்கரி பாரதீப் வழியாக வந்து இங்குள்ள அனல்மின் நிலையங்களில் எரிகின்றது. அக்கரி மண்ணுக்கடியில் கிடந்த அடுக்கும் நம் பொறியாளர் வாயில் ‘சீம்’தான். ஆற்றுப்படுகை அறிந்த உழவனிடம் நிலக்கரிப் படுகை என்று சொல்லுங்கள், விளக்கவுரை வேண்டா. படிந்து கிடப்பது படுகை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பெற்றது. அதன் சுரங்கத்தை ஒருமுறை கண்டவன் அச்சொல்லின் பொருளைக் கண்ணாலேயே கற்பான்.

ஆகவே, பொருள்தோறும் தனிச்சொல் ஆள்வோம். ஆடைக்கு மூட்டு, படகுப் பலகைக்குப் பொருத்துவாய், நிலக்கரிக்குப் படுகை, குழாய்க்குப் பற்றுவாய், கம்பியின் குறைக்குக் கீற்றுவெடிப்பு. மட்டைப்பந்தில் ஆறு வரிசையாய்த் தைத்துப் புடைத்திருப்பது துன்னல். அது தரையில் பட்டுப் பந்து விலகுமாறு எறிவது துன்னல்வீச்சு. இவற்றுட் சில வழங்குசொற்கள். சில யாம் முன்வைப்பன. பட்டறைத் தோழர் வாயில் இவற்றினும் நல்ல சொல் வழங்குமாயின் அதுவே வெல்க!

இதனை வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று எள்ளுவோர்க்கு ஒன்று கூறுவோம். கண்ணெதிரே ஓடும் வெடிப்பைத் தன் மொழியில் சொல்ல மாட்டாதவன், அதனைக் கண்டும் வாளா இருந்துவிடக்கூடும். அவன் சொல்லாமல் விட்ட கம்பி ஏதோ ஓர் ஏழையின் வீட்டுத் தளத்தைத் தாங்கப் போகின்றது. சொல் தெளிந்தால் கண் தெளியும். கண் தெளிந்தால் கை தவறாது.

ஆலைகளில் பணியாற்றும் அன்பர்களே! உங்கள் பொறிகளின்மேல் உள்ள அறிவிப்புகள் தமிழிலும் எழுதப்பெற வேண்டுமென்று கேளுங்கள். உங்கள் பட்டறைச் சொற்களைத் தொகுத்து எமக்கு விடுங்கள். தமிழ் கிழியவில்லை, தொழிலுக்கும் தாய்மொழிக்கும் இடையிலுள்ள மூட்டே பிரிந்து கிடக்கின்றது. அதனைத் தைக்க அயலான் வாரான். நாமே தைக்க வேண்டும்!