தெர்மாமீட்டருக்கு வெள்ளை வீடு, மனுசனுக்கு அடுப்பு

"மதுரை விமான நிலையத்தில் 41 டிகிரி" என்று டிவியில் கீழே ஓடும் பாருங்க, அந்த விமான நிலையம் எங்க அவனியாபுரத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. அந்த எண்ணை எப்படி அளக்கிறாங்கன்னு ஒரு தடவை தெரிஞ்சுக்கங்க. வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டரை வெட்டவெளியில் தொங்கவிடுவதில்லை. நாலடி உயரத்தில் கால் வைத்த மரப்பெட்டி. நாலு பக்கமும் காற்று போய்வர சாய்வுப் பலகை. மேலே கூரை. முழுக்க வெள்ளை பெயிண்ட். அதுக்குள்ளதான் தெர்மாமீட்டர்.

ஆக 41 என்பது நிழலில், காற்றோட்டத்தில், வெள்ளை வீட்டுக்குள் குடியிருக்கிற தெர்மாமீட்டர் காட்டும் சூடு. நாம குடியிருக்கிற வீட்டைப் பாருங்க. சாம்பல் நிறத்துல மொட்டைமாடி, அடைச்ச ஜன்னல், பக்கத்துச் சுவருக்கும் நம்ம சுவருக்கும் ஒரு முழம் சந்து. ஒரு கருவிக்குக் கொடுத்த மரியாதையை நம்ம வீட்டுக் கிழவிக்கும் பிள்ளைக்கும் கொடுக்கல. எங்க ஊர்ல ஜல்லிக்கட்டுக் காளையை வெயில் நேரத்துல வேப்பமரத்தடியில கட்டுவாங்க, ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுப்பாங்க. அந்தக் காளையை வளர்க்கிறவர் படுக்கிறது தகரத்துக்குக் கீழ.

இதுக்கு நகரத்து நண்பர்கள் சொல்ற ஒரே பதில், "ஒரு ஏசி மாட்டிரு." அந்தப் பதிலோடதான் எனக்குச் சண்டை.

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கு. சித்திரை பிறக்கிற சமயத்துல நடுப்பகல் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போ சுவரில் வெயில் படுறது கம்மி. முழுசா வாங்குறது கூரைதான். காங்கிரீட் அதைப் பகல் பூரா குடிச்சு வச்சுக்கிட்டு, பொழுது சாய்ஞ்சப்புறம் கீழே கக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஃபேனைப் போட்டா அனலா இறங்குதே, அது மத்தியானத்து வெயில். வியாதி கூரையில இருக்கு. நாம மருந்தைச் சுவருல மாட்டுறோம்.

ஏசி சூட்டை அழிக்காது, இடம் மாத்தும். உங்க படுக்கையறைச் சூட்டோட மெஷின் ஓடுற சூட்டையும் சேர்த்து அடுத்த வீட்டு ஜன்னல்ல கொட்டும். அடுத்த வீட்டுக்காரர் பொறுக்க முடியாம தவணையில ஒண்ணு வாங்குவார். அப்புறம் அவர் கொட்டுவார். செலவைப் பாருங்க: மணிக்கு ஒரு யூனிட்னே வச்சுக்குவோம். ராத்திரி 8 மணி நேரம், 60 நாள், 480 யூனிட். ரெண்டு மாசத்துக்கு இலவசமா வர்ற 100 யூனிட் பன்னிரண்டு, பதிமூணு நாள்லயே காலி.

"அப்ப ஏசியே கூடாதா?" கூடாதுன்னு சொல்லல. நோயாளிக்கு, கைக்குழந்தைக்கு வேணும்னா போடுங்க. ஆனா கொதிக்கிற கூரைக்குக் கீழ ஏசி போடுறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதை. முதல்ல ஓட்டையை அடைங்க. பாட்டன் காலத்து ஓட்டு வீட்டுக்குத் திரும்பணும்னும் நான் சொல்லல. பழைய வீட்டுப் புராணம் பாடுறவங்களும் ராத்திரி ஏசியில்தான் படுக்கிறாங்க. இருக்கிற காங்கிரீட் வீட்டையே சரி பண்ணலாம்.

மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிங்க. அவ்வளவுதான் வைத்தியம். கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ வாங்கித் தண்ணியில தாளிச்சு (கொதிக்கும், பிள்ளைங்களைத் தள்ளி நிறுத்துங்க, கண்ணுல தெறிக்காம பாத்துக்கங்க), ஒரு நாள் ஊறவிட்டு, துணியில வடிகட்டி, பிடிப்புக்கு ஃபெவிகால் கொஞ்சம் கலந்துக்கங்க. மாடியைக் கூட்டிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே சாயங்காலத்துல ரெண்டு கை அடிங்க. போன பங்குனியில 600 சதுர அடிக்கு எனக்கு ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. கூலி கிடையாது; நானும் மச்சினனும் ரெண்டு சாயங்காலம். ஐப்பசி மழையில கரையும், அடுத்த பங்குனியில திரும்ப அடிக்கணும். மாடித் தண்ணியைச் சேமிக்கிறவங்க முதல் மழையை வெளியே விட்டுருங்க. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் அடிக்கலாம், ஆனா மேல ஏறி நிக்காதீங்க, உடையும்.

தினமும் மாடியில பத்துக் குடம் தண்ணி ஊத்துறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தண்ணி எங்க நிலத்தடியிலிருந்து லாரியில வருது. ஒரு தடவை சுண்ணாம்பு அடிச்சா அந்தத் தண்ணி பூரா மிச்சம்.

அடுத்தது மேற்குச் சுவர். கொடிக்கால் போடுற சோழவந்தான் சம்சாரி முதல்ல அகத்தியை வளர்த்துட்டுத்தான் வெத்தலைக் கொடியை ஏத்துவார். நிழல் முன்னே, பயிர் பின்னே. நாம வீட்டைக் கட்டி, குடியேறி, வெந்தப்புறம் மரத்தைத் தேடுறோம். மண் இருந்தா மேற்கே ஒரு முருங்கை வைங்க. இல்லாட்டி நாத்தங்காலுக்குக் கட்டுற பச்சை நிழல் வலையை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்க. உள்ளே திரை போட்டா வெயில் வீட்டுக்குள்ள வந்தாச்சுன்னு அர்த்தம். காலையில எட்டு, ஒன்பது மணிக்கு ஜன்னலை மூடி, பொழுது சாய்ஞ்சு வெளிக்காத்து குளிர்ந்ததும் திறங்க. ஏர் கூலர் எங்க வறண்ட வெயிலுக்கு நல்லா வேலை செய்யும், ஜன்னல் திறந்திருக்கணும். மூடின அறையில போட்டா புழுக்கம்தான். சென்னைக் கடற்காத்து ஈரத்துக்கு அது பெருசா உதவாது.

இதெல்லாம் கிராமத்தான் கதைன்னு நினைச்சா அகமதாபாத்தைப் பாருங்க. 2010 மே மாத வெயிலில் அங்கே வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். 2013-இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்றே தனிச் செயல்திட்டம் போட்டது. 2017-இல் சுமார் 3,000 ஏழை வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். வெள்ளைக் கூரைக்குக் கீழே 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும் என்பது அங்கே பேசப்பட்ட கணக்கு. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது.

நம்ம அரசாங்கம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிச்சது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லது, வரவேற்கிறேன். ஆனா செத்தப்புறம் 4 லட்சம் கொடுக்கிற கை, சாகிறதுக்கு முன்னே ஒரு மூட்டை சுண்ணாம்பு கொடுக்கக் கூடாதா? எங்க ஊரை 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்த்தாங்க. வரி ரசீது வருது. பங்குனிக்கு முன்னே வார்டுக்கு வார்டு தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தொகுப்பு வீடு எல்லாத்துக்கும் வெள்ளையடிக்கிற திட்டம் ஒண்ணு போடுங்கன்னு உங்க கவுன்சிலர்கிட்ட கேளுங்க. நாங்க கேட்டா மனு, நீங்க கேட்டா செய்தி. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்.

வாடகைக்கு விடுறவங்களுக்கும் சொல்றேன். மேல்மாடியில குடிவச்சு வாடகையை முழுசா வாங்குறீங்கள்ல, அந்தக் கூரைக்கு வெள்ளையடிக்கிறது உங்க வேலை. குடியிருக்கிறவர் கேட்டப்புறம் யோசிக்கிற விஷயமில்ல.

உங்க தெருவுல ஏசி இல்லாத வீடு எது, அதுல வயசானவங்க யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். உங்க மாடிக்குச் சுண்ணாம்பு கரைக்கும்போது அந்த வீட்டுக்கும் சேர்த்துக் கரைங்க.