ஒரு ஆளுக்கு எத்தனை கை பாஸ்?

'கிராஃபிக் டிசைனர் தேவை. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா, இன்டிசைன், பிரீமியர் புரோ, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர், ஃபிக்மா, வேர்டுபிரஸ் தெரிந்திருக்க வேண்டும். போட்டோ எடுக்கத் தெரிந்தால் நல்லது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டூ வீலர் அவசியம். 3 வருட அனுபவம் தேவை, ஃப்ரெஷர்களும் விண்ணப்பிக்கலாம்.'

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் டிசைனர் வேலை தேடுற யாரைக் கேட்டாலும் இந்த மாதிரி ஒரு விளம்பரத்தை மனப்பாடமா ஒப்பிப்பாங்க. 3 வருஷ அனுபவம் உள்ள ஃப்ரெஷரை எந்த ஊர்ல தேடுறதுன்னு தெரியல. டூ வீலர் எதுக்குன்னு கேட்டா, பிரஸ்ஸுக்குப் போய் புரூஃப் வாங்கிட்டு வரவாம்!

நம்ம ஊர் மட்டும்தான் இப்படின்னு நினைச்சுடாதீங்க. செபாஸ்டியன் ராமிரெஸ்னு ஒருத்தர் 'ஃபாஸ்ட் ஏபிஐ'ங்கிற புரோகிராமிங் கருவியை உருவாக்கினார். 2020 ஜூலையில் அவர் கண்ணுல ஒரு வேலை விளம்பரம் பட்டுச்சு. ஃபாஸ்ட் ஏபிஐ-யில் 4 வருஷத்துக்கு மேல அனுபவம் வேணுமாம். அவர் அதை உருவாக்கியே அப்போ ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பெத்த அப்பனுக்கே தகுதி பத்தலை! அவர் அதை ட்விட்டர்ல போட, உலகமே சிரிச்சது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் இருக்கிறது ஒரு வேலையே இல்லீங்க, நாலு வேலை. திருப்பூர் பனியன் கம்பெனி டிசைனரையே எடுத்துக்குங்க. டி-ஷர்ட்ல அஞ்சு கலர்ல ஒரு புலி வேணும்னா, ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன். அதுக்கு கலர் செபரேஷன் போடணும். பையர் கொடுத்த பான்டோன் நம்பருக்கு கலர் ஒத்துப்போகணும். துணி முழுக்க ஓடுற பிரின்ட்டா இருந்தா, ரோட்டரி ஸ்கிரீனோட சுற்றளவு பொதுவா 64 செ.மீ. அதுக்குள்ள டிசைன் முடிஞ்சு, ஒட்டுத் தெரியாம மறுபடி தொடங்கணும். ஒரு கோடு தப்பினா மீட்டர் கணக்குல துணி போச்சு. இதைக் கத்துக்கவே வருஷங்கள் ஆகும். இவரையே கூப்பிட்டு, 'அப்படியே நம்ம கம்பெனிக்கு ஒரு ரீல்ஸ் எடுத்து, வெப்சைட்டும் போட்டுடு கண்ணு'ன்னா எப்படி?

ஓனருங்க கெட்டவங்கன்னு நான் சொல்ல வரலை. இந்தக் கொங்கு மண்ணுல பம்ப் கம்பெனி, பவுண்டரி, கிரைண்டர் கம்பெனின்னு வளர்ந்த பலரும் பகல்ல லேத் ஓட்டி, சாயங்காலம் வசூலுக்குப் போய், ராத்திரி பில் போட்டவங்க. தான் ஒரே ஆளா நாலு வேலை பார்த்ததால, வேலைக்கு வர்றவனும் பார்ப்பான்னு நினைக்கிறாங்க. ஆனா ஒண்ணு... அவர் நாலு வேலை பார்த்தது சொந்தக் கம்பெனிக்கு. லாபமும் அவருக்குத்தான் வந்துச்சு. நம்மாளுக்கு வர்றது ஒரு சம்பளம்தானே!

இன்னொரு ரகசியம். இந்த விளம்பரங்கள்ல பாதிக்கு மேல டிசைன்னா என்னன்னே தெரியாதவங்க எழுதினது மாதிரிதான் இருக்கும். வேற ரெண்டு மூணு விளம்பரத்துல இருந்து வெட்டி ஒட்டினா பட்டியல் நீளாம என்ன செய்யும்? கோரல் டிராவும் இல்லஸ்ட்ரேட்டரும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்யற சாஃப்ட்வேர்ங்கிறது எழுதினவருக்குத் தெரிஞ்சிருந்தா ரெண்டையும் கேட்டிருப்பாரா?

இதுல அடி வாங்குறது நம்ம பசங்கதான். பட்டியலைப் பார்த்து மிரண்டு, நல்லா வரையத் தெரிஞ்ச பொண்ணு அப்ளிகேஷனே போடறதில்லை. இன்னொருத்தன் வீட்டுல காசு வாங்கி '14 சாஃப்ட்வேர் ஒரே கோர்ஸ்ல' பேக்கேஜில் சேர்றான். பதினாலையும் தொட்டிருப்பான், ஒண்ணுலயும் ஒரு விசிட்டிங் கார்டை முழுசா முடிச்சு பிரஸ்ஸுக்கு அனுப்பியிருக்க மாட்டான். சாஃப்ட்வேருக்கு ஆயுசும் கம்மி பாஸ். 2000-களில் ஃப்ளாஷ் தெரிஞ்சவன்தான் ஹீரோ. 2020 டிசம்பர் 31-ஓட அடோபியே அதை மூட்டை கட்டிடுச்சு. பேஜ்மேக்கரோட கடைசி வெர்ஷன் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

பட்டியல்ல இவ்வளவு இருக்கே, நம்ம ஊருக்கு நிஜமாவே தேவையான ஒண்ணு இருக்கான்னு தேடிப் பாருங்க. தமிழ்! கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை பேனர், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாமே தமிழ்லதான் அடிக்கிறோம். ஆனா 'தமிழ் டைப்பிங் தெரியணும், யூனிகோடு தெரியணும்'னு ஒரு வரி இருக்கறது அபூர்வம். கஸ்டமர் வாட்ஸ்அப்ல அனுப்புற தமிழ் யூனிகோடு. பிரஸ்ல இருக்கிற பழைய ஃபான்ட் வேற குறியீடு. நேரா காப்பி பண்ணி ஒட்டினா ஏதோ வேற்றுக்கிரக பாஷை மாதிரி வரும். கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தி, எழுத்தெண்ணிப் படிச்சுப் பார்க்கணும். பழைய ஃபோட்டோஷாப் வெர்ஷன்கள்ல தெற்காசிய மொழிகளுக்கான வசதியை ஆன் பண்ணாம 'கோவை'ன்னு அடிச்சா, கொம்பு இடம் மாறி ஊர் பேரே கந்தலாகும். இத்தனைக்கும் தமிழக அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமா ஏத்துக்கிட்டது 2010 ஜூன்ல, இதே கோயம்புத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்தப்பதான்!

எழுத்தை மட்டும் ஆழமாப் படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்கிறீங்களா? அதே 2010-ல, ஜூலை 15-ம் தேதி மத்திய அமைச்சரவை ரூபாய்க்கு ஒரு சின்னத்தை ஏத்துக்கிச்சு. மூவாயிரத்துக்கும் மேல வந்த டிசைன்கள்ல ஜெயிச்சவர் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார். மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துரு வடிவமைப்பை ஆராய்ச்சி பண்ணினவர். பிளெண்டர் தெரியுமான்னு அவரை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

அதனால பட்டியல்ல பாதி தெரிஞ்சாலே தைரியமா அப்ளை பண்ணுங்க. இன்டர்வியூவுல நீங்களும் ஒரு கேள்வி கேளுங்க: 'மாசத்துக்கு எத்தனை போஸ்டர், எத்தனை வீடியோ வருமுங்க?' வீடியோவே வராதுன்னு தெரிஞ்சா, பிரீமியர் புரோ சும்மா அலங்காரத்துக்கு எழுதினதுன்னு அர்த்தம். தினம் ரெண்டு வீடியோன்னா, அவங்க தேடுறது டிசைனரை இல்லை, எடிட்டரை. ரெண்டும் வேணும்னா சம்பளத்தைப் பேசிட்டு அப்புறம் தலையாட்டுங்க.

கடைசியா சாம்பிள் மேட்டர். 'ஒரு லோகோ, அஞ்சு போஸ்டர் பண்ணி அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்'பாங்க. சொல்லவே மாட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு பார்த்தா, உங்க போஸ்டர் பேனரா தொங்கும். 1957-ம் வருஷத்து காப்பிரைட் சட்டப்படி, நீங்க அவங்க ஊழியர் இல்லை, காசும் வாங்கலை, எழுத்துல எதுவும் கொடுக்கலைன்னா, அந்த டிசைன் உங்களுதுதான். ஆனா லோகோவுக்காக கோர்ட் படி ஏறுறதைவிட சுலபமான வழி இருக்கு. குறுக்கே உங்க பேரைப் போட்டு, சின்ன சைஸ் ஜேபெக்கா மட்டும் அனுப்புங்க. ஒரிஜினல் ஃபைல் கேட்டா, ஆர்டர் கைக்கு வந்ததும் தர்றேன்னு சொல்லுங்க.

'ஏனுங்க தம்பி, எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?'ன்னு கேட்பாங்க.

'இருக்குதுங்க. அதனாலதானுங்க ஜேபெக்காவது அனுப்பினேன்!'