மக்கும் பை எங்கே மக்கும்?

பெங்களூரில் பல கடைகளில் இளம்பச்சை நிறத்தில் ஒரு மெல்லிய பை தருகிறார்கள். "இது பிளாஸ்டிக் இல்லை சார், மண்ணில் மக்கிவிடும்" என்கிறார் கடைக்காரர். நாமும் நிம்மதியாக வாங்கி வருகிறோம். விசேஷங்களிலும் சங்க விழாக்களிலும் மக்கும் டம்ளர், மக்கும் ஸ்பூன் என்று வரத் தொடங்கிவிட்டன. நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு, ஒரு பொருளை எந்த நிலையில் வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது.

இவற்றுக்கான தர அளவு ஐ.எஸ்.ஓ. 17088. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் இதைத்தான் கேட்கின்றன. சோதனையில் உரத்தைச் சுமார் 58 டிகிரி சூட்டில், ஈரத்தோடும் காற்றோட்டத்தோடும் வைக்கிறார்கள். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக்கூடாது. ஆறு மாதத்துக்குள் அதிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் போனால் மட்டும் போதாது; வாயுவை அளந்துதான் தேர்ச்சி.

ஏன் இத்தனை சூடு? மக்கும் டம்ளர்களில் பெரும்பாலும் இருப்பது பி.எல்.ஏ. மக்காச்சோளம், கரும்பு இவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கிறது. தயிரில் உள்ள அதே அமிலம். அதை நீண்ட சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. இந்தச் சங்கிலியை நுண்ணுயிர்களால் அப்படியே தின்ன முடியாது. முதலில் நீர் உட்புகுந்து துண்டு துண்டாக்க வேண்டும். சுமார் 55, 60 டிகிரிக்குக் கீழே சங்கிலிகள் விறைத்துக் கிடப்பதால் இந்த வேலை மிக மெதுவாக நடக்கும். பைகளில் ஸ்டார்ச்சோடு, பெட்ரோலியத்திலிருந்து வரும் பி.பி.ஏ.டி.யும் கலந்திருப்பதுண்டு. ஸ்டார்ச் சீக்கிரம் போய்விடும், பை கந்தலாகும். மக்கிவிட்டது என்று நாம் நினைப்போம். மீதி அங்கேயேதான் இருக்கும்.

பெரிய உரக்குவியல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். பால்கனித் தொட்டி சிறியது; உண்டாகும் சூடு நாலாபக்கமும் போய்விடும். அதில் காய்கறித் தோல் மக்கும், பி.எல்.ஏ. டம்ளருக்கு அந்தச் சூடு போதாது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கும் பை ஒன்று 27 மாதம் மண்ணில் கிடந்தும் முழுதாக மறையவில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே மக்கும் என்று சான்று பெற்ற பொருள்களிலும் 60 சதவீதம் வீட்டுத் தொட்டிகளில் முழுமையாகச் சிதையவில்லை.

அப்படியானால் இந்தப் பைகள் ஏமாற்றா? இல்லை. இத்தாலியின் மிலான் நகரில் 2012 முதல் உணவுக் கழிவை இத்தகைய பைகளில்தான் வாங்குகிறார்கள். அந்தக் கழிவு அதற்கென்று அமைந்த ஆலைக்குப் போகிறது. அங்கே பைக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. இங்கே பை மட்டும் வந்திருக்கிறது. ஈரக் கழிவில் போட்டால், எது மக்கும் பை எது சாதாப் பை என்று தெரியாமல் துப்புரவுத் தொழிலாளி எல்லாவற்றையும் கையால் பொறுக்க வேண்டும். உலர் கழிவில் போட்டாலோ, மறுசுழற்சிக்குப் போகும் நல்ல பிளாஸ்டிக்கும் கெடும். கடைசியில் போய்ச் சேருவது ஏதோ ஒரு கிராமத்துக் குப்பைமேட்டில். நம் நகரத்துக் குப்பை வேண்டாம் என்று 2014-இல் மண்டூர் மக்கள் போராடியதை மறந்துவிடக்கூடாது.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். சங்க விருந்துகளில் வாழை இலை, பாக்கு மட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர் போதும். கழுவ ஆள் வைக்கும் செலவைச் சங்கம் ஏற்கலாம். மக்கும் பொருளைத்தான் வாங்குவதென்றால், அதை எடுத்துப் போகும் உர ஆலை எது என்று முதலில் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு வாங்கலாம்.