மறைப்பதும் மன்னிப்பதும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

வீட்டு விஷயம் வீதிக்கு வரக்கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் நம் நாவலாசிரியர்கள் மூடிய கதவைத் திறந்து ஒரு கேள்வி கேட்கிறார்கள்: ஒரு குடும்பம் காக்கும் இரகசியம், உண்மையில் யாரைக் காக்கிறது?

1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையை எடுத்துக்கொள்வோம். மழை நாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். பதறி அடிக்கும் தாய், பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று தேற்றுகிறாள். யாரிடமும் சொல்லாதே என்கிறாள். வாசகர் பலர் கொதித்தெழுந்தனர். அதே தாய் ஊரைக் கூட்டி அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு விடைதான் பின்னர் வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இங்கே அண்ணனே கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவள் படிக்கிறாள், உத்தியோகம் பார்க்கிறாள். ஆனால் பழி அவளை விடவில்லை. 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் இது.

நடந்தது ஒன்றே, வாழ்க்கைகள் இரண்டு. வித்தியாசம் அந்தப் பெண்ணிடம் இல்லை. தாயின் வார்த்தையில் இருக்கிறது.

அதற்காக எல்லா மௌனமும் கருணை ஆகிவிடாது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலில், தாயின் உறவை அறிந்தும் தந்தை மௌனமாக இருக்கிறார். தாயோ தன் பாவத்துக்குப் பரிகாரமாக மகனை வேதம் படிக்க அனுப்புகிறாள். காரணம் அறியாமலே மகன் அந்தச் சுமையைச் சுமக்கிறான். 2020-இல் அகாதெமி விருது பெற்ற இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலில், பெற்றோருக்கு விருப்பமில்லாத திருமணம் செய்துகொண்ட மகள் தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடக்கும்போதுதான் பெற்றோரின் பாசம் கரையுடைக்கிறது. அப்போது பணமும் செல்லவில்லை, பாசமும் செல்லவில்லை.

சினிமாவில் கடைசி ரீலில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், சுபம் போட்டுவிடுவார்கள். அது சமாதானம் அன்று. துரத்தியவர் வாய் திறந்து தவற்றை ஒப்புக்கொள்ளாமல், துரத்தப்பட்டவளை மட்டும் மறக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் தேடித் தகரப் பெட்டியைத் துழாவியபோது, பழைய ரேஷன் கார்டில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். என் அத்தையின் பெயர். தானே தேடிக்கொண்ட கல்யாணத்தால் அவர் இல்லாதவர் ஆகிவிட்டார். மகளைப் பார்க்காமலே அப்பத்தா கண்மூடினார். அந்த இரகசியம் எந்த மானத்தைக் காத்ததோ, எனக்கு விளங்கவில்லை.

தங்கை கல்யாணத்துக்குப் பிந்தி வந்த அழகர், கோபித்துக்கொண்டு மதுரைக்குள் நுழையாமலே வண்டியூர் போய்த் திரும்புவதாக நம் மக்கள் கதை சொல்கிறார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் அவர் வைகைக்கு வருகிறார். ஊரே திரண்டு எதிர்கொண்டு அழைக்கிறது. தெய்வத்தின் கோபத்தை விழாவாக்கிய நாம், வீட்டுக் கோபத்தை மட்டும் ஏன் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறோம்?

இத்தகைய கதைகள் குடும்பத்தைக் கெடுக்கும் என்போர் உண்டு. நான் உடன்படவில்லை. நம்மில் பலர் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறை. இந்த நாவல்களை நம் பெற்றோர் படிக்கமாட்டார்கள். நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும். நாளை நம் வீட்டுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டு வாசலில் வந்து நின்றால், முதல் வார்த்தை ‘உள்ளே வா’ என்பதாக இருக்கட்டும்.