க்வாய் பாலம்: சிந்தியது யார் ரத்தம்?

‘பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ (1957) படமான இலங்கைக் கித்துல்கலவுக்கு, பாலத்தின் எஞ்சிய அடித்தளத்தைக் காண உல்லாசப் பயணிகள் செல்கிறார்கள். செல்லட்டும்!

ஆனால் உண்மைப் பாதை சயாம்–பர்மா இடையே, 1942-43ல் ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வாரிச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் காலராவாலும் பட்டினியாலும் ஆயிரமாயிரமாய் மடிந்தனர். படத்தின் நாயகர்களோ பிரிட்டிஷ் அதிகாரியும் அமெரிக்க வீரனும்! காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள். நம்மவரில் பெரும்பாலோருக்குப் பெயரற்ற குழிகள். சாவிலும் வர்க்க பேதமா?

பூலாம்பாடியிலிருந்தும் மலேசியா சென்று உழைப்போர் உண்டு. ஆகவே கேட்கிறோம்: மடிந்தோர் பெயர்களை அரசு ஊர் ஊராகத் திரட்டட்டும், பாடப்புத்தகத்தில் அவர்கள் வரலாறு ஏறட்டும்!