மைனஸ் 30-ல் தப்பும் தண்ணீர்க் குழாய், மைனஸ் 10-ல் வெடித்தது ஏன்? டெக்சாஸில் நடந்தது என்ன?

வெளியே மழை இல்லை. ஆனால் வீட்டுக்குள் சீலிங் உடைந்து தண்ணீர் அருவி மாதிரி கொட்டுகிறது. ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் சோபாவும் கார்பெட்டும் ஊறிக்கொண்டிருக்கின்றன. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்திலிருந்து இப்படி வீடியோவுக்கு மேல் வீடியோ வந்தது நினைவிருக்கலாம்.

அந்த வாரம் ஹூஸ்டனில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. டாலஸில் மைனஸ் 19. நமக்கு இது பயங்கரமான குளிர்தான். ஆனால் கனடாவின் வின்னிபெக் மாதிரி ஊர்களில் மைனஸ் 30 என்பது ஜனவரியில் சர்வசாதாரணம். அங்கே ஒவ்வொரு குளிருக்கும் சீலிங் உடைவதில்லையே, டெக்சாஸில் மட்டும் ஏன்?

குளிர் எவ்வளவு என்பதை விட, அந்தக் குளிரை எதிர்பார்த்து வீடு கட்டப்பட்டதா என்பதுதான் இங்கே கேள்வி. வின்னிபெக்கில் தண்ணீர்க் குழாய்களைப் பூமிக்கடியில் ஏழெட்டு அடி ஆழத்தில் பதிக்கிறார்கள். அந்த ஆழத்துக்குப் பெரும்பாலும் உறைபனி இறங்காது. வீட்டுக்குள்ளும் குழாய்கள் சூடான பகுதி வழியாகவே போகும். டெக்சாஸ் வீடுகள் வெயிலை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. குழாய் ஆழமாகப் போகாது. பல வீடுகளில் அது கூரைக்கு அடியில் அட்டிக் எனப்படும் பரண் வழியாக ஓடும், அல்லது வெளிச்சுவருக்குள்ளேயே ஓடும். வீட்டு ஹீட்டரின் சூடு அந்த இடங்களுக்குப் போய்ச் சேராது.

இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் இதை வைத்துச் சோதனையே நடத்தினார்கள். சூடில்லாத பரணில், மேலுறை எதுவும் சுற்றாத குழாய்க்கு வெளியே சுமார் மைனஸ் 7 டிகிரி வந்தாலே ஆபத்து ஆரம்பிக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 20. தென் மாகாணங்களில் குளிர் எச்சரிக்கை வரும்போது இந்த எண்ணை அடிக்கடி கேட்கலாம்.

ஐஸ் இருக்கும் இடத்தில் உடைவதில்லை

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஃப்ரீசரில் வைத்து உடைத்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும். அதனால் ஐஸ் கட்டிதான் பக்கவாட்டில் தள்ளிக் குழாயைக் கிழிக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

குழாயின் ஒரு இடத்தில் தண்ணீர் முழுசாக உறைந்து அடைப்பு ஆகிறது. அந்த ஐஸ் வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் டேப்புக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது இல்லையா? அழுத்தம் வழக்கத்தை விடப் பல மடங்கு ஏறுகிறது. கடைசியில் குழாய் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே பிளக்கிறது. அது ஐஸே இல்லாத, ஓரளவு சூடான இடமாகக்கூட இருக்கலாம்.

குளிர் ராத்திரிகளில் "டேப்பைச் சொட்டவிடுங்க" என்று சொல்வது இதனால்தான். ஓடுற தண்ணீர் உறையாது என்பது பாதி உண்மை. சொட்டுச் சொட்டாக விட்ட பிறகும் உறையலாம். ஆனால் டேப் கொஞ்சம் திறந்திருந்தால் சிக்கிய தண்ணீருக்கு ஒரு வழி இருக்கும், அழுத்தம் ஏறாது. வீட்டில் உள்ள எல்லா டேப்பையும் திறக்கத் தேவையில்லை. வெளிச்சுவரை ஒட்டியது, பரண் வழியாக வருவது, இந்த மாதிரி டேப்களே போதும். வெந்நீர் குழாயும் உறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள், அதையும் சேர்த்துத்தான்.

ஒரு வீட்டுக்குச் சரி, ஊருக்கு?

இங்கேதான் டெக்சாஸ் கதை சிக்கலாகிறது. மின் நிலையங்களும் அவற்றுக்கு வர வேண்டிய எரிவாயுவும் குளிரில் முடங்க, 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள், நிறுவனங்களுக்குக் கரண்ட் போனது. ஹீட்டர் ஓடவில்லை. குழாயைச் சூடாக வைத்திருக்கச் சுற்றும் மின்கம்பியும் வேலை செய்யவில்லை. மிச்சம் இருந்த ஒரே வழி டேப்பைத் திறந்துவிடுவது. லட்சக்கணக்கான வீடுகளில் அதைச் செய்தார்கள். ஏற்கெனவே வெடித்த குழாய்களிலிருந்து தண்ணீர் ஒரு பக்கம் வீணாகிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாமல் நீரேற்று நிலையங்களும் திணறின. ஊர் முழுக்கத் தண்ணீர் அழுத்தம் விழுந்தது.

அப்போது ஹூஸ்டன் மேயராக இருந்த சில்வெஸ்டர் டர்னர், குழாய் வெடிக்காமல் இருப்பதற்காகத் தண்ணீரை ஓடவிட வேண்டாம், மருத்துவமனைக்கும் தீயணைப்புக்கும் தண்ணீர் வேண்டும் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். முதல் நாள் வரை எல்லோரும் சொன்ன அறிவுரை தலைகீழானது.

அழுத்தம் குறைந்தால் இன்னொரு தொல்லை. மண்ணில் உள்ள அசுத்தம் விரிசல் வழியாகக் குழாய்க்குள் இழுக்கப்படலாம். அதனால் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு 1.4 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போனது. டெக்சாஸ் மக்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர். கொதிக்க வைக்கக் கரண்ட் இல்லாத வீடுகள் அதில் எத்தனையோ. அந்தப் புயலில் இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படி 246 பேர்.

சொட்டவிடும் அறிவுரையே தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2014-ல் வின்னிபெக்கில் வழக்கத்தை மீறி உறைபனி ஆழமாக இறங்கி, 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் குழாய் உறைந்தபோது, ஆபத்தில் இருந்த வீடுகளைத் தண்ணீரைத் தொடர்ந்து ஓடவிடச் சொன்னதே நகராட்சிதான். அங்கே குறிப்பிட்ட வீடுகளுக்கு மட்டும் சொன்னார்கள், பம்புகளுக்குக் கரண்டும் இருந்தது. ஆக, உள்ளூர் நிர்வாகம் அன்றைக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்வதுதான் சரி.

அப்போ வேறென்ன செய்யலாம்?

குளிர் வருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள் சின்னவைதான். தோட்டத்து ஹோஸைக் கழற்றிவிட வேண்டும், அது மாட்டியே இருந்தால் உள்ளே தேங்கும் தண்ணீர் சுவருக்குள் இருக்கும் குழாயையும் உறைய வைக்கும். பரணிலும் கராஜிலும் தெரியும் குழாய்களுக்கு ஃபோம் உறை போடலாம், விலை அதிகம் இல்லை. குளிர் ராத்திரியில் சிங்குக்குக் கீழே உள்ள கப்போர்டு கதவைத் திறந்து வையுங்கள், வீட்டுச் சூடு உள்ளே போகட்டும்.

கரண்ட் போய்விட்டால் இதெல்லாம் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அப்போது கையில் இருக்கும் உறுதியான வழி, மெயின் வால்வை மூடி, வீட்டிலேயே மேலே இருக்கும் டேப்பையும் கீழே இருக்கும் டேப்பையும் திறந்து குழாயைக் காலி செய்வது. தண்ணீரே இல்லாத குழாய் எதனால் வெடிக்கும்? ஆனால் அதற்கு முன் வாட்டர் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். குடிக்கவும் டாய்லெட்டுக்கும் வாளிகளில் பிடித்து வைத்துக்கொள்வதும் முக்கியம். பிரச்சினை என்னவென்றால், தங்கள் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. டெக்சாஸில் அது பெரும்பாலும் தெருவோரம் மீட்டர் பெட்டிக்குள், மூடிக்கு அடியில் இருக்கும். சீலிங் கொட்டுகிற ராத்திரியில் டார்ச் அடித்துத் தேடுகிற விஷயமா அது?

உறைந்துவிட்டது, இன்னும் உடையவில்லை என்றால் டேப்பைத் திறந்து வைத்து, டேப் பக்கத்திலிருந்து அடைப்பை நோக்கி ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டலாம். தீப்பந்தம், கேஸ் டார்ச் எல்லாம் கூடவே கூடாது, வீடே பற்றிக்கொள்ளும். சூட்டுக்காகக் கராஜில் காரை ஓடவிடுவது, வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டுவது இரண்டும் உயிரையே எடுக்கும். டெக்சாஸில் கார்பன் மோனாக்சைடு விஷவாயு தாக்கி ஏராளமானோர் மருத்துவமனைக்குப் போனது இப்படித்தான்.

டிசம்பர் லீவுக்கு, பொங்கலுக்கு என்று வீட்டைப் பூட்டிவிட்டு இந்தியா வரும் நம்மவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான வீட்டு இன்சூரன்ஸ், குழாய் திடீரென வெடித்த சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் ஆள் இல்லாத வீட்டில் ஹீட்டரையும் அணைத்து, தண்ணீரையும் மூடி வடிக்காமல் போயிருந்தால் கையை விரிக்க இடம் உண்டு. தெர்மோஸ்டாட்டை 55 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காமல் வைப்பதோடு, மெயின் வால்வையும் மூடிவிட்டுக் கிளம்புவது நல்லது. தீயணைப்பு ஸ்ப்ரிங்க்ளர் உள்ள வீடு என்றால் மட்டும் விசாரித்துவிட்டு மூடுங்கள்.

அந்தக் குளிருக்குப் பிறகு 2021-லேயே டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மின் நிலையங்கள் குளிரைத் தாங்கும்படி தயாராக வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் மின்தடை நீடித்தாலும் குடிநீர் நிறுவனங்கள் குறைந்தபட்ச அழுத்தத்தைக் காக்கத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. நல்ல விஷயம்தான். ஆனால் 30 வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டின் பரணில் ஓடும் குழாய் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்று, குளிர் விலகிய நாள்தான் பல வீடுகளில் சேதம் வெளியே தெரிகிற நாள். பிளந்த இடத்தை ஐஸே அடைத்து வைத்திருக்கும், உருகியதும் தண்ணீர் பீறிடும். 2010 டிசம்பரில் வடக்கு அயர்லாந்தில் மைனஸ் 18-ஐத் தொட்ட குளிர் விலகி வெப்பம் ஏறியபோதுதான் ஊரெங்கும் கசிவு தொடங்கி, பல்லாயிரம் வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. விவகாரம் பெரிதாகி, 2011 ஜனவரியில் அங்குள்ள குடிநீர் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார். அதனால் வெயில் வந்த பிறகு எல்லா டேப்பையும் மூடிவிட்டுப் போய் மீட்டரைப் பாருங்கள். முள் சுற்றிக்கொண்டே இருந்தால், சுவருக்குள் எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.