தண்ணீர் ஊற்ற வேண்டிய பிளாஸ்டிக் புல்

முடிவெடுக்கச் சங்கடமான விஷயம் எதுவானாலும் அதை உள்ளூர் நகராட்சியின் தலையில் கட்டிவிடுவது அரசுகளுக்கு எப்போதும் வசதி. கலிஃபோர்னியாவில் செயற்கைப் புல்லுக்கு நடந்திருப்பது அதுதான். 2015இல் வறட்சி வாட்டியபோது, நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்குமாறு ஆளுநர் ஜெர்ரி பிரவுன் உத்தரவிட்டார். வீட்டு மனையில் பிளாஸ்டிக் புல் பதிப்பதை எந்த ஊரும் தடுக்கக் கூடாது என்று அதே ஆண்டு சட்டமும் வந்தது. 2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டு அந்தப் பாதுகாப்பை நீக்கினார். இனி விரும்பும் ஊர் தடுக்கலாம், விரும்பாத ஊர் விட்டுவிடலாம். மில்ப்ரே, சான் மரினோ போன்ற சில ஊர்கள் தடையின் பக்கம் நின்றன. பல ஊர்கள் வாய் திறக்கவில்லை. அதே அக்டோபரில், செயற்கைப் புல்லில் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் அழியா ரசாயனங்களைத் தடுக்கும் மசோதாவை அதே ஆளுநர் நிராகரித்தார். ஒரே மாதத்தில் இரண்டு முகம்!

தடைக்கு எதிராகப் பேசுபவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: செயற்கைப் புல் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. இவர்களிடம் நான் ஓர் ஆய்வைத்தான் காட்டுவேன். பழைய ஆய்வு, சிறிய ஆய்வு, ஆனாலும் இதுவரை யாரும் இதற்கு நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் தன் விளையாட்டு மைதானத்தில் செயற்கைப் புல் பதித்தது. காலணி போட்டிருந்த பயிற்சியாளர் ஒருவருக்கே உள்ளங்காலில் கொப்புளம் வந்தது. உடனே 2002இல் வெப்பத்தை அளக்கத் தொடங்கினார்கள். காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் இருந்த ஒரு நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி காட்டியது. அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். 79 டிகிரியில் கொதித்த தரைக்குத் தண்ணீர் அடித்தார்கள். 29 டிகிரிக்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49க்கு ஏறியது. இருபது நிமிடத்தில் 73. அதாவது, தண்ணீரை மிச்சப்படுத்த வாங்கிய புல்லின் மேல் நடக்க வேண்டுமானால் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இருபது நிமிடம் கழித்து மறுபடியும் ஊற்ற வேண்டும். வளராத பயிருக்கு நீர்ப்பாசனம்.

அது கறுப்பு ரப்பர் துகள் தூவிய மைதானம், வீட்டுக் கொல்லையில் மணல்தானே தூவுகிறோம் என்பார்கள் விற்பனையாளர்கள். சரி, மணல். ஜூலை மாத மதியம் ஃபீனிக்ஸிலோ பாம் ஸ்பிரிங்ஸிலோ அந்த மணலில் அவர்களே வெறுங்காலோடு நின்று காட்டட்டும்.

வெறுங்கால் என்பதுதான் இங்கே விஷயமே. கால்பந்து வீரன் காலணியோடு வருகிறான். நீச்சல் குளத்திலிருந்து ஏறி வரும் நாலு வயதுக் குழந்தை எதைப் போட்டுக்கொண்டு வரும்? ஆனாலும் செயற்கைப் புல் நிறுவனங்கள் விரும்பிக் குறிவைக்கும் இடம் குளத்தங்கரைதான். குளோரின் நீர் தெறித்தால் உயிருள்ள புல் கருகும், பிளாஸ்டிக் கருகாது. சேறு ஒட்டாது, வெட்டிய புல் குளத்தில் மிதக்காது. இலை விழும் என்பதற்காகக் குளத்தின் அருகில் மரமும் வைப்பதில்லை. ஆக, நிழல் என்பதே இல்லாத இடம் பார்த்து இதைப் பதிக்கிறார்கள். மேல்மண்ணை வழித்தெடுத்து, ஜல்லிப்பொடி கொட்டி இடித்து, அதன்மேல் பாலிஎதிலீன் விரிப்பை ஒட்டுகிறார்கள். அடியில் மண்புழுவுக்கும் வேலை இல்லை. சில வீடுகளில், வெப்பம் உள்ளே வராமலிருக்கப் பொருத்திய நவீன ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயிலிலேயே இந்தப் புல் உருகிச் சுருண்டிருக்கிறது. சிக்கனம் பார்த்து மாட்டிய கண்ணாடி, சிக்கனம் பார்த்துப் போட்ட புல்லைப் பொசுக்குகிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தண்ணீர்க் கணக்கை மட்டும் பேசுபவர்கள் பக்கத்து மாநிலமான நெவாடாவைப் பார்க்கட்டும். ஒரு சதுர அடிப் புல்தரையை எடுத்துவிட்டுப் பாலைவனச் செடிகளை வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 208 லிட்டர் மிச்சம் என்பது தெற்கு நெவாடா நீர் ஆணையத்தின் கணக்கு. அழகுக்கு மட்டும் வளர்க்கும் சாலையோர, அலுவலக வளாகப் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீர் கிடையாது என்று அங்கே 2021இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். லாஸ் வேகஸ் அடங்கிய கிளார்க் கவுன்டியில் 2022 முதல் புதிய வீட்டு நீச்சல் குளம் 600 சதுர அடியைத் தாண்டக் கூடாது. பிளாஸ்டிக் புல்லை அவர்களும் தடுக்கவில்லை, உண்மைதான். ஆனால், குளத்தையே அளந்து பார்க்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது. கலிஃபோர்னியாவோ குளத்தை விட்டுவிட்டு, கரையில் விரித்த கம்பளத்தைப் பற்றி எட்டு வருடத்தில் இரண்டு சட்டம் எழுதியது. இத்தனைக்கும், புல்லை அகற்றுவோருக்கு மானியம் தரும் தென் கலிஃபோர்னியாவின் மெட்ரோபாலிட்டன் நீர் மாவட்டம், அந்த இடத்தில் செயற்கைப் புல் பதித்தால் மானியம் தருவதில்லை. தண்ணீரைக் காப்பதே தொழிலாக உள்ளவர்கள் இதைத் தீர்வாக ஏற்கவில்லை; நமக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

நமக்கு என்று நான் எழுதியது தற்செயல் அல்ல. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வாடகைப் பண்ணை வீடுகளில் நீச்சல் குளமும் அதைச் சுற்றிய பச்சைக் கம்பளமும் இப்போது விளம்பரப் படத்துக்கே தேவைப்படுகின்றன. கலிஃபோர்னியாவில் விற்றுத் தீராத வாதங்கள்தான் இங்கே இறக்குமதியாகின்றன.

உண்மையில் இந்த வியாபாரம் விற்பது புல்லை அல்ல. பாலைவனத்தில் குடியிருந்தாலும் இங்கிலாந்து மாதிரிப் பச்சை முற்றம் வேண்டும் என்ற அடத்தை விற்கிறது. உயிருள்ள புல் வாடும்போதாவது வீட்டுக்காரருக்கு மழை பெய்யவில்லை என்பது நினைவுக்கு வரும். பிளாஸ்டிக் அந்தச் செய்தியையும் வீட்டுக்குள் விடுவதில்லை.

கலிஃபோர்னியா இதற்காக இன்னொரு மசோதாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தனி வீட்டில் நீச்சல் குளம் கட்ட அனுமதி கேட்டால், வேலி, மூடி, எச்சரிக்கை மணி என்று சட்டம் சொல்லும் ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறைந்தது இரண்டு இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் நகராட்சி ஒப்புதல் தருகிறது. அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு வரியை ஒவ்வொரு நகராட்சியும் சேர்க்கட்டும்: குளத்தின் விளிம்பிலிருந்து பத்தடிக்குள் செயற்கைப் புல் கூடாது, ஏற்கெனவே இருப்பது நைந்துபோனால் மறுபடி பதிக்கக் கூடாது. அடுத்த வறட்சி வருவதற்குள் இந்த வியாபாரம் கடையைக் கட்டிவிடும்.